திறந்த மூல மென்பொருளுக்கு டெஸ்டராகப் போக எந்த இடம் பொருந்தும்?

கோட் எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, டெஸ்டிங்கில் உதவலாம் என்று திறந்த மூல மென்பொருள் (கோடை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியது) பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வார்கள். சரி, எங்கே போய்த் தொடங்குவது என்று கேட்டால் தெளிவான பதில் வராது. ஆர்வத்தோடு வருகிறவர் ஏதோ ஒரு பெரிய பெயரைப் பிடித்துக் கணக்குத் திறப்பார். பக், அதாவது மென்பொருள் தவறுகளின் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீள்வதைப் பார்த்து மலைத்துப் போவார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைப்பார், அதோடு சரி. இப்படித் திரும்பிப் போகிறவர்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பைப் பிடிக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் உண்டு. தங்களுக்குப் பொருந்தாத இடத்தில் முதல் அடியை வைத்ததாலேயே அவர்களை இழக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிகிற ஒருவரை மனதில் வைத்து ஐந்து இடங்களை இங்கே ஒப்பிடுகிறேன்: லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, ஃபெடோரா, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்கள், பிறகு ஓரிருவர் மட்டும் நடத்துகிற சின்ன ஆண்ட்ராய்டு செயலிகள். ஒப்பிட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒரே கேள்விதான். உங்களிடம் இருப்பதில் எது அந்தத் திட்டத்தின் டெவலப்பர்களிடம் இல்லை?

டெவலப்பர்களிடம் வேகமான கணினியும் நல்ல இணைய இணைப்பும் இருக்கும். அவர்கள் அன்றாடம் திறக்கும் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ வேறு ஐரோப்பிய மொழியிலோ இருக்கும். உங்களிடம் தமிழில் தட்டச்சு செய்த நாற்பது பக்க அறிக்கை இருக்கலாம். கல்லூரியில் வாங்கிய பழைய லேப்டாப் இருக்கலாம். மாதம் ஒரு முறை திறந்தே ஆக வேண்டிய அரசு சேவைத் தளம் ஒன்று இருக்கலாம். இதையெல்லாம் அவர்கள் காசு கொடுத்தும் வாங்கிவிட முடியாது. உங்கள் கையில் இருப்பது எங்கே அரிதோ, அங்கே போனால் முதல் வாரத்திலேயே நீங்கள் தேவைப்படுவீர்கள்.

லிப்ரேஆபிஸ்: தமிழில் எழுதுகிறவர்களுக்கு

தமிழில் தட்டச்சு செய்து வேலை பார்ப்பவராக இருந்தால் என் பரிந்துரை தயக்கமில்லாமல் இதுதான். 2010 செப்டம்பரில் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த மென்பொருள் இது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் வாக்கில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடுகள். 2024 முதல் பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்கிறது: 24.2, 24.8, 25.2, 25.8. ஒருவர் "என்னிடம் 24.2 இருக்கிறது" என்றால் அது எவ்வளவு பழசு என்று உடனே தெரிந்துவிடும். டெஸ்டருக்கு இது பெரிய வசதி.

இங்கே புதியவர் செய்யக்கூடிய வேலை மிக எளிமையானது. யாரோ ஒருவர் பக் ஒன்றைப் பதிவு செய்கிறார். வேறொருவர் அதைத் தன் கணினியில் செய்து பார்த்து "எனக்கும் வருகிறது" என்று சொல்லும்வரை அது உறுதிப்படுத்தப்படாத நிலையிலேயே கிடக்கும். டெவலப்பர்கள் அந்தக் குவியலுக்குள் அதிகம் இறங்குவதில்லை. அந்த வேறொருவர் நீங்களாக இருக்கலாம். பதிவில் சொன்ன படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். அதே தவறு உங்களுக்கும் வந்தால், உதவி மெனுவில் உள்ள லிப்ரேஆபிஸ் பற்றிய பெட்டியைத் திறந்து, பதிப்புத் தகவலை அங்கிருக்கும் பொத்தானால் நகலெடுத்துக் கருத்தில் ஒட்டிவிட்டு, நிலையைப் 'புதியது' (NEW) என மாற்றுங்கள். தவறு வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுதி, மாதிரிக் கோப்பைக் கேளுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீங்கள் பதிவு செய்த பக்கை நீங்களே உறுதி செய்யக்கூடாது என்பது மட்டும் முக்கியமான விதி.

தமிழ் தெரிந்தவரின் பலம் இதற்கு அடுத்த கட்டத்தில் தெரியும். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறி ஒருங்குறியில் (கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரம், யூனிகோட்) ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரு விதமாக அடித்த 'கொடி'யை இன்னொரு விதமாக அடித்துத் தேடினால் கிடைக்கிறதா? 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினால் என்ன அழிகிறது, முழு எழுத்தா, காலா? கர்சரை முன்னால் வைத்து டெலீட் தட்டினால்? 'ஸ்ரீ' இன்னும் சுவாரசியம். ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஸ்ரீதர் என்ற பெயர் பட்டியலில் இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்புறம் எழுத்துரு. லிப்ரேஆபிஸ் தமிழைச் சிக்கலான உரை அமைப்பு கொண்ட மொழிகளின் பிரிவில் வைத்திருக்கிறது. அதனால் ஒரே பத்தியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறு எழுத்துருவும் அளவும் தனித்தனியாக இருக்கும். ஆங்கிலமும் தமிழும் கலந்த வரியைத் தேர்ந்தெடுத்துத் தடிமனாக்குங்கள், அளவை மாற்றுங்கள், அட்டவணைக்குள் ஒட்டுங்கள், வேர்டு கோப்பாகச் சேமித்துத் திரும்பத் திறங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மொழிக்கும் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டுங்கள். 'கெ' சரியாக வருகிறதா, கொம்பு முன்னால் துள்ளி விழுந்து தனியாக நிற்கிறதா? ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிற ஒருவர் இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூட யோசித்துப் பார்க்க வாய்ப்பில்லை.

பதிவு எழுதும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 'ரைட்டரில் (லிப்ரேஆபிஸின் எழுதும் செயலி) தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'புதிய ஆவணம் திறக்கவும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் கொடி என்று அடிக்கவும். கர்சரை கொ-வுக்கும் டி-க்கும் இடையில் வைத்து பேக்ஸ்பேஸ் ஒரு முறை தட்டவும். எதிர்பார்த்தது இது. நடந்தது இது. 24.8 பதிப்பில் சரியாக இருந்தது, 25.2-இல் இல்லை.' இப்படி எழுதினால் பெர்லினில் உட்கார்ந்திருக்கும் தமிழே தெரியாத டெவலப்பராலும் இரண்டு நிமிடத்தில் செய்து பார்க்க முடியும். அவருக்கு எழுத்துகள் படிக்க வராது என்பதால், எது சரி, எது தவறு என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழ்ச் சொல்லைப் படமாக மட்டும் தராமல், நகலெடுக்கும்படி உரையாகவும் கொடுங்கள்.

நல்ல இணைப்பும் லினக்ஸும் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. 'முன்பு சரியாக இருந்தது, இப்போது உடைந்துவிட்டது' என்ற வகை பக்குகளில், கோடில் செய்த எந்த மாற்றத்தால் உடைந்தது என்று தேடிப் பிடிப்பது. இதற்கென்றே, ஏற்கெனவே தொகுத்து வைத்த ஆயிரக்கணக்கான இடைப்பட்ட பதிப்புகளை கிட் (மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியமாகத் தருகிறார்கள். பைபைசெக்ட் என்று பெயர். நடுவில் ஒன்றைத் திறந்து பார்ப்பீர்கள். சரியாக இருந்தால் பிந்தைய பாதியில் தேடுவீர்கள், உடைந்திருந்தால் முந்தைய பாதியில். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் பத்துச் சுற்றில் குற்றவாளி சிக்கிவிடும். ஒரு வரி கோட் படிக்கத் தேவையில்லை. கிடைத்த விடையைப் பதிவில் போட்டு, அந்த மாற்றத்தைச் செய்தவரையும் அதில் சேர்த்துவிட்டால், பக் சரியாகும் வாய்ப்பு பல மடங்கு கூடும். ஆனால் அந்தக் களஞ்சியங்கள் பல ஜிபி வரும். தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற போன் டேட்டாவை நம்பி இதில் இறங்காதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உறுதி செய்த பக் சரிசெய்யப்படப் பல வருடங்கள் ஆகலாம். முழுநேர டெவலப்பர்களில் பலர் கொலாபரா போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்களுடைய வாடிக்கையாளர்களின் தேவைக்கே முதலிடம் கிடைக்கும். பழைய குறைகளைவிடப் புதிதாக உடைந்தவை சீக்கிரம் கவனிக்கப்படும் என்பதால், பலனைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் புது வெளியீடுகளின் முன்னோட்டப் பதிப்புகளை எடுத்துச் சோதிப்பது நல்லது. அவை உங்கள் வழக்கமான லிப்ரேஆபிஸைத் தொடாமல் தனிப் பெயரில் நிறுவப்படும்.

ஃபயர்ஃபாக்ஸ்: தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸின் நைட்லி என்ற சோதனைப் பதிப்பு. வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை புதுப் பதிப்பு வரும். நான்கு வாரச் சுழற்சியில் நைட்லியில் இருப்பது பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்புக்கும், பீட்டாவில் இருப்பது பொது வெளியீட்டுக்கும் நகரும். அதாவது இன்று உங்கள் கண்ணில் படுகிற தவறு, யாரும் சொல்லாவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் எப்போதும்போல இணையத்தில் உலவினாலே சோதனை நடக்கிறது. உலாவி நொறுங்கி விழும்போது வரும் அறிக்கையை அனுப்பச் சம்மதித்தாலே அதுவும் ஒரு பங்களிப்புதான்.

உங்கள் கையில் இருக்கும் அரிய பொருள் இங்கே நம்மூர் இணையதளங்கள். குரோமில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடப்பட்ட தளங்கள் நம்மைச் சுற்றி ஏராளம். விண்ணப்பப் படிவத்தில் தேதிப் பெட்டி திறக்காது, ஓடிபி வந்த பிறகு பொத்தான் அசையாது, தமிழ் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் மெனுவிலேயே, தளம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிவிக்கும் வசதி இருக்கிறது. இந்தத் தளங்களுக்குள் உள்நுழையக் கணக்கும் அடையாள எண்ணும் வேண்டும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் பொறியாளரால் பல நேரம் உள்ளே போய்ப் பார்க்கவே முடியாது. எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் நின்றது என்று நீங்கள் எழுதும் நான்கு வரிதான் அவருக்கு ஆதாரம்.

எப்போதிலிருந்து உடைந்தது என்று கண்டுபிடிக்க மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவி உண்டு. சரியாக இருந்த தேதியையும் உடைந்த தேதியையும் கொடுத்தால், இடைப்பட்ட பதிப்புகளை அதுவே இறக்கித் திறந்து காட்டும். நீங்கள் 'சரி', 'தப்பு' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வரலாம். லிப்ரேஆபிஸில் செய்யும் அதே வேலைதான், இன்னும் சுலபமான உருவத்தில்.

ஆனால் இங்கே சம்பளம் வாங்கும் பொறியாளர்களும் டெஸ்டர்களும் இருக்கிறார்கள். பக்குகளை S1 முதல் S4 வரை தீவிரம் பிரித்து வரிசைப்படுத்துகிறார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றாலும், புதிதாக வந்த தன்னார்வலர் தான் ஒருவர் இருப்பதே தெரியாத மாதிரி உணர்வதும் உண்டு. நாலு பேர் பெயர் சொல்லிப் பேசுகிற குழுவைத் தேடுகிறவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலும் தனக்கென ஒரு புரொஃபைலை (உங்கள் அமைப்புகளும் புக்மார்க்குகளும் இருக்கும் கோப்புறை) வைத்துக்கொள்கிறது. அதை மாற்றி, நைட்லியையும் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸையும் ஒரே புரொஃபைலில் ஓட்ட முயலாதீர்கள். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும்.

ஃபெடோரா: ஒரு நாளை முழுதாகத் தர முடிகிறவர்களுக்கு

வாராவாரம் வர முடியாது, ஆனால் ஒரு சனிக்கிழமையை முழுதாகத் தர முடியும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபெடோராவின் 'டெஸ்ட் டே' ஏற்பாட்டைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. புது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), க்னோம் மேசைத்தளம், மொழி வசதிகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளோ ஒரு வாரமோ குறிப்பார்கள். என்னென்ன சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், என்ன நடந்தால் தேர்ச்சி என்று படிப்படியாக எழுதி வைத்திருப்பார்கள். பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், வன்தட்டைத் தொட வேண்டியதில்லை. முடிவை அட்டவணையில் பதிந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பாதியில் விட்ட குற்ற உணர்வு எதுவும் உங்களைத் துரத்தாது.

மொழி வசதிகளுக்கான நாளில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பது மிகவும் முக்கியம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். 'பந்து' அடிக்கும்போது ந-வை அடுத்து த வந்ததும் ந-வுக்குப் புள்ளி விழ வேண்டும். உலாவியின் முகவரிப் பெட்டியிலும், டெர்மினலிலும், கோப்புக்குப் பெயர் மாற்றும் இடத்திலும் இதே மாதிரி நடக்கிறதா? தமிழ் 99-இல் பழகிய விரல்கள் வேண்டும் இதைச் சொல்ல. விதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாகத் தட்டுபவருக்கு, வேகமாக அடிக்கும்போது மட்டும் வருகிற தவறு கண்ணில் படாது.

உங்களுடைய இன்னொரு சொத்து, அந்தப் பழைய லேப்டாப். மூடியை மூடினால் உறங்கப் போகிறதா, திறந்தால் வைஃபை திரும்ப இணைகிறதா, வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்கிறதா? தானியங்கிச் சோதனைகள் ஃபெடோராவில் நிறைய ஓடுகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் மெய்நிகர் கணினிகளில், அதாவது மென்பொருளால் உருவாக்கிய பாவனைக் கணினிகளில் ஓடுகின்றன. உங்கள் லேப்டாப்பின் வைஃபை சிப்பை எந்த மெய்நிகர் கணினியாலும் நடித்துக் காட்ட முடியாது.

வெளியீட்டு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல இடம் இல்லை. எந்தக் குறை இருந்தால் வெளியீட்டை நிறுத்த வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. ஒரு பக் அந்த விதியை மீறுகிறது என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். கடைசியில் 'போகலாமா, வேண்டாமா' என்று திறந்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிறார்கள். தேதி தள்ளிப்போனதும் பல முறை நடந்திருக்கிறது. அலுவலகங்களில் ஜூனியர் டெஸ்டருக்கு இந்த அறைக்குள் இடம் கிடைப்பது அபூர்வம். இங்கே நடப்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

டெபியனும் ஓர் எச்சரிக்கையும்

டெபியனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாமே மின்னஞ்சலில் நடக்கும். கணக்குத் திறக்க வேண்டாம், ரிப்போர்ட்பக் என்ற நிரல் கேள்வி கேட்டு அறிக்கையை எழுத வைக்கும். இணைப்பு மெதுவாக இருப்பவர்களுக்கு வசதி. நிறுவல் அறிக்கையை, எல்லாம் ஒழுங்காக முடிந்தால்கூட அனுப்பச் சொல்கிறார்கள். பழைய கணினி ஒன்றில் நிறுவிப் பார்த்து அனுப்புவது நல்ல முதல் வேலை. ஆனால் நீங்கள் அனுப்புகிற மின்னஞ்சல், உங்கள் முகவரியோடு சேர்ந்து, பொதுவெளியில் நிரந்தரமாக இருக்கும், அதனால் இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஏற்கெனவே கை பழகியவர்களுக்குத்தான் டெபியனைப் பரிந்துரைப்பேன்.

2024 மார்ச் 29 அன்று வெளியே தெரிந்த எக்ஸ்இசட் விவகாரத்தை டெஸ்டராக நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டெவலப்பர், மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். டெபியனின் அன்ஸ்டேபிள் என்ற சோதனைப் பதிப்பில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். விடாமல் தோண்டியதில், எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலகத்தின் 5.6 வரிசைப் பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, கள்ளத்தனமாக உள்ளே நுழைவதற்கான பின்வாசல் ஒன்றை நுழைத்திருந்தது தெரியவந்தது. டெபியனின் நிலையான வெளியீட்டை அது எட்டியிருக்கவில்லை. சோதனைப் பதிப்புகளிலேயே பிடிபட்டது. 'இது ஏன் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது?' என்ற கேள்வியை அலட்சியம் செய்யாத ஒருவர் இருந்ததால் எண்ணற்ற சர்வர்கள் தப்பின.

இதே சம்பவம் இன்னொன்றையும் சொல்கிறது. அந்தப் பின்வாசல் முதலில் போய் உட்கார்ந்த கணினிகள் சோதனைப் பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுடையவை. ஆகவே வங்கிக் கணக்கும் அலுவலகக் கடவுச்சொற்களும் இருக்கிற ஒரே லேப்டாப்பில் டெபியன் அன்ஸ்டேபிளையோ ஃபெடோராவின் சோதனைப் பதிப்பான ராஹைடையோ போடாதீர்கள். மெய்நிகர் கணினி, பென்டிரைவ், அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினி போதும். மாற்றுக் கணினி எதுவும் இல்லாதவர்கள் லிப்ரேஆபிஸிலேயே இருந்துவிடலாம், ஒரு குறையும் இல்லை.

சின்னச் செயலிகள்

கணினியே இல்லை, போன் மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது. எஃப்-டிராய்டு என்ற திறந்த மூல ஆண்ட்ராய்டு செயலிக் கிடங்கில் கிடைக்கும் செயலிகளில் பல, ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்துபவை. பாட்காஸ்ட் கேட்க உதவும் ஆன்டெனாபாட் போலக் கொஞ்சம் பெரிய தன்னார்வக் குழுக்களும் உண்டு, பீட்டா பதிப்பும் தருகிறார்கள். உங்கள் கையில் உள்ள போன் மாடலே இங்கே அரிய பொருள். பல நிறுவனங்களின் போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். அலாரம் அடிக்காது, பதிவிறக்கம் பாதியில் நிற்கும். அந்தப் போன் டெவலப்பரிடம் இருக்காது.

பதில் சீக்கிரம் வரும், உங்கள் பெயர் நினைவில் இருக்கும், இரண்டு வாரத்தில் சரிசெய்த பதிப்பே கைக்கு வந்துவிடலாம். அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் நடத்துகிறவருக்கு வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ செயலி நின்றுபோகும். சேருவதற்கு முன் கடைசி வெளியீடு எப்போது வந்தது, கடைசியாக மூடிய பக் எது, கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். முதல் நாளே இருபது பக்குகளைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இரண்டைத் தெளிவாக எழுதி, அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். ஒருவருடைய இரவு நேரம் அது.

வேலைக்கு உதவுமா?

இதைக் கேட்காமல் யாரும் வருவதில்லை, கேட்பதில் தவறும் இல்லை. செலினியம் போன்ற ஆட்டோமேஷன் கருவிகளை இந்த வேலை தானாகக் கற்றுத்தராது. அதைத் தனியாகப் படிக்க வேண்டும். ஆனால் நேர்காணலில் 'டெஸ்டிங் தெரியும்' என்று சொல்வதைவிட, இது நான் பதிவு செய்த பக், இது நான் எந்த மாற்றத்தால் உடைந்தது என்று பிடித்தது, இது அதைச் சரிசெய்த மாற்றம் என்று சுட்டியைத் திறந்து காட்டுவது பல மடங்கு கனமானது. அந்த வகையில் லிப்ரேஆபிஸும் ஃபெடோராவும் முன்னால் நிற்கின்றன. நைட்லியை வருடக்கணக்கில் பயன்படுத்தினாலும் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். 'எனக்கும் வருகிறது' என்று நூறு இடத்தில் எழுதியதை யாரும் அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நன்றாக எழுதிய ஐந்து பதிவுகள் போதும்.

இவற்றில் லிப்ரேஆபிஸ், மொஸில்லா (ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் அமைப்பு), ஃபெடோரா மூன்றும் பக்குகளுக்குப் பயன்படுத்துவது பக்சில்லா என்ற ஒரே மென்பொருளைத்தான். 1998-இல் மொஸில்லாவுக்காகத் தொடங்கியது அது. ஓரிடத்தில் பழகிய கை அடுத்த இடத்தில் தடுமாறாது. ஆங்கிலம் பற்றிய பயமும் தேவையில்லை. லிப்ரேஆபிஸ் குழுவில் ஜெர்மனி, ஹங்கேரி என்று பல நாட்டவர் இருக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களில் பலருக்கும் இரண்டாம் மொழி. சின்னச் சின்ன வாக்கியமாக, வரிசை எண் போட்டு எழுதினால் போதும்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் மாதிரிக் கோப்பை இணைக்கும் முன் ஒரு முறை உள்ளே பாருங்கள். ஆதார் எண், சம்பளம், மாணவர் பெயர்ப் பட்டியல் இருந்தால் அதை வெற்றெழுத்துகளால் மாற்றிவிட்டு, பக் இன்னும் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அங்கே இணைப்பதை உலகம் முழுவதும் பார்க்கலாம். அதேபோலப் பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுப் பதிவாகப் போடாதீர்கள், ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் அதற்கென்று மூடிய வழி இருக்கிறது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் யாருக்காவது பரிந்துரைக்கும்போது பெரும்பாலும் லிப்ரேஆபிஸையும் ஃபெடோராவையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டின் காலமும் மோதுவதில்லை. பிப்ரவரி வெளியீட்டுக்கான லிப்ரேஆபிஸ் முன்னோட்டங்கள் டிசம்பர், ஜனவரியில் வரும், ஆகஸ்ட் வெளியீட்டுக்கானவை ஜூன், ஜூலையில் வரும். ஃபெடோரா ஏப்ரல், அக்டோபர் வாக்கில் வெளியாவதால் அதன் சோதனை நாட்கள் மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டி அமையும். இடைப்பட்ட மாதங்களில் உறுதிப்படுத்தப்படாத பக்குகளில் வாரத்துக்கு இரண்டு பார்த்தால் போதும்.